உளவளத்துணை விளம்பரங்களுக்குப் பதிவு இலக்கம் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் வெளிவரும் தமிழ்ப் பத்திரிகைகளின் ஞாயிறு விளம்பரப் பக்கங்களிலும், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, வத்தளைப் பகுதிச் சுவர்களிலும், வட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே மாதிரியான அறிவித்தல் ஒன்று பெருகி வருகிறது. பெயருக்கு முன்னால் "டாக்டர்" என்றிருக்கும். பின்னால் எட்டுப் பத்து ஆங்கில எழுத்துகள் இருக்கும். கீழே "லைசென்ஸ் பெற்ற கிளினிக்கல் கவுன்சிலர்", "சர்வதேச அங்கீகாரம் பெற்ற மனநல நிபுணர்" என்ற வரி. பக்கத்தில் சிலுவையோ, ஓங்காரமோ, பிறையோ. மன அழுத்தம், குடும்பப் பிணக்கு, பிள்ளைகளின் படிப்பு, போதைப்பழக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே தொலைபேசி இலக்கம்.

இக்கடிதத்தை எழுதும் எங்களில் சிலர் உளவளத்துணை (கவுன்சிலிங்) தொழிலில் உள்ளவர்கள். சிலர் ஆலயங்களிலும் தேவாலயங்களிலும் பணி செய்கிறவர்கள். மதகுரு ஒருவர் துயரத்தில் இருப்பவரின் பக்கத்தில் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்டு, பிரார்த்தித்து அனுப்புவது பெரிய காரியம். அதற்கு எந்த லைசென்ஸும் வேண்டியதில்லை, இருக்கவும் கூடாது. எங்கள் முறைப்பாடு, தன்னிடம் இல்லாத தொழில்முறைத் தகைமையை இருப்பதாகக் காட்டி, அந்த நம்பிக்கையில் வருகிறவருக்குச் சிகிச்சை அளிக்கப் புறப்படுகிறவர்களைப் பற்றியது. இந்த உரிமைகோரல்களில் பெரும்பாலானவற்றை வீட்டிலிருந்தபடியே கைத்தொலைபேசியில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். அது எப்படி என்று பலருக்குத் தெரியாதிருப்பதால்தான் இவ்வளவு விபரமாக எழுதுகிறோம்.

முதலில் "லைசென்ஸ்". இலங்கையில் உளவளத்துணையாளர் ஒருவருக்குத் தொழில் அனுமதிப்பத்திரம் வழங்கும் சட்டம் இன்றுவரை இல்லை. ஆகவே "இலங்கை அரசின் லைசென்ஸ் பெற்ற கவுன்சிலர்" என்று ஒருவர் எழுதினால், இல்லாத ஒன்றைத் தன்னிடம் இருப்பதாகச் சொல்கிறார். மருத்துவர்களின் நிலை வேறு. அவர்கள் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றே தொழில் செய்ய முடியும். உளநல மருத்துவ நிபுணர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெற்று, அதன்பின் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் உளநல மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர். மருந்து எழுதும் உரிமை மருத்துவருக்கே உண்டு. சிகிச்சை உளவியலாளர்களுக்கும் மருத்துவ சபையில் பதிவு வழி இருக்கிறது, எம்.பில். மட்டத்தில், மேற்பார்வையின் கீழ் நோயாளரோடு வேலை செய்து பயின்ற பயிற்சி அதற்குப் பின்னால் இருக்கும். மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பெயரையோ பதிவு இலக்கத்தையோ கொடுத்துத் தேடலாம். "கிளினிக்கல்" என்ற சொல்லை விளம்பரத்தில் பார்த்தால் அந்த இலக்கத்தைக் கேட்பதே முதல் வேலை.

அடுத்தது "அமெரிக்க லைசென்ஸ்". இங்கேதான் ஏமாற்று வேலை மிக எளிதாக நடக்கிறது. அமெரிக்காவில் உளவளத்துணையாளருக்கான லைசென்ஸை வழங்குவது மாநில அரசின் சபை. பொதுவாக முதுமாணிப் பட்டம், அதன்பின் ஆயிரக்கணக்கான மணித்தியால மேற்பார்வைப் பயிற்சி, ஒரு பரீட்சை ஆகிய மூன்றும் முடிந்தால்தான் அது கிடைக்கும். அந்த லைசென்ஸ் பொதுவாக அந்த மாநிலத்துக்கு உரியது; கொழும்பில் தொழில் செய்ய அது எந்த அதிகாரமும் தராது. மறுபுறம், மதகுருமார் தம் மதப்பணியின் பாகமாக ஆலோசனை சொல்வதற்குப் பல மாநிலங்கள் லைசென்ஸ் விதியிலிருந்து விலக்கு அளித்திருக்கின்றன. இந்த இடைவெளியில்தான் தனியார் மதச் சங்கங்கள் புகுந்து, தபாலிலும் இணையத்திலும் பாடம் நடத்தி, "லைசென்ஸ் பெற்ற மேய்ப்புப்பணி ஆலோசகர்" (மேய்ப்புப்பணி என்பது குருமார் செய்யும் ஆன்மிகப் பராமரிப்பு) என்ற தோரணையில் பத்திரம் கொடுக்கின்றன. அது சங்கத்தின் பத்திரம். எந்த மாநில அரசும் அதற்குப் பின்னால் நிற்பதில்லை. ஆகவே "அமெரிக்க லைசென்ஸ்" என்பவரிடம் மூன்று கேள்விகள்: எந்த மாநிலம்? இலக்கம் என்ன? எப்போது காலாவதியாகிறது? மாநிலச் சபைகளின் பதிவேடுகள் இணையத்தில் இலவசமாகத் திறந்திருக்கின்றன. பெயர் அங்கே இல்லாவிட்டால் பேச்சுக்கு இடமில்லை.

பிரித்தானியாவில் "சிகிச்சை உளவியலாளர்" என்ற தொழிற்பெயர் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் சபையின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். ஆனால் "கவுன்சிலர்", "சைக்கோதெரபிஸ்ட்" என்பவை அங்கேயும் சட்டம் காக்காத பெயர்கள்; யாரும் போட்டுக்கொள்ளலாம். இந்தியாவில் சிகிச்சை உளவியலாளர்கள் 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுப் பேரவையில் பதிவு பெற வேண்டும். சென்னையிலோ பெங்களூரிலோ படித்ததாகச் சொல்கிறவரிடம் அந்தப் பேரவையின் மத்திய பதிவேட்டு இலக்கத்தைக் கேட்கலாம்.

"டாக்டர்" பட்டத்துக்கு வருவோம். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் 12 மட்டங்கள் உண்டு. இளமாணிப் பட்டம் 5 ஆம் மட்டம், சிறப்புப் பட்டம் 6, எம்.பில். 11, கலாநிதிப் பட்டம் 12. கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வேடு இருக்கும், மேற்பார்வையாளர் இருப்பார், பரீட்சகர்கள் இருப்பார்கள். ஆய்வேட்டின் தலைப்பு என்ன, எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு என்று கேட்டால் உண்மையாகப் படித்தவர் மகிழ்ச்சியோடு சொல்வார். கௌரவப் பட்டம் என்றால் ஆய்வும் இல்லை, பரீட்சையும் இல்லை; அதை வைத்துக்கொண்டு நோயாளியின் முன்னால் "டாக்டர்" என்று அமர்வது தவறு. இறையியலில் முறைப்படி கலாநிதிப் பட்டம் பெற்றவர்கூட, உளநலச் சிகிச்சை விளம்பரத்தில் "டாக்டர்" என்று மட்டும் போட்டால் வாசிப்பவர் அவரை வைத்தியர் என்றே எடுத்துக்கொள்வார். எந்தத் துறையில் பட்டம் என்பதைப் பக்கத்திலேயே எழுதுவது நேர்மை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் உண்மையானதா என்பதை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரிக்கலாம். பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் சங்கம், சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஆகியவற்றின் பட்டியல்களில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்பதே அவர்கள் பார்க்கும் முதல் விடயம். இந்தியாவின் மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையே வெளியிட்டு வருகிறது. "அங்கீகாரம்" என்ற சொல்லைக் கண்டால், யார் அங்கீகரித்தார், அந்த அங்கீகரித்தவரை யார் அங்கீகரித்தார் என்று ஒரு படி கூடப் போக வேண்டும். போலிக் கல்லூரிகளுக்கென்றே போலி அங்கீகார அமைப்புகள் இருக்கின்றன. சில வேளைகளில் இரண்டையும் நடத்துவது ஒரே ஆட்கள்தான்.

இறையியல் கல்லூரிகள் எல்லாமே சந்தேகத்துக்குரியவை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிலிமத்தலாவையில் உள்ள இலங்கை இறையியல் கல்லூரி, செராம்பூர் இறையியல் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. முறையான பட்டங்களுக்குப் பயிற்றுவிக்கிறது. வைத்தியசாலைகளில் பணிபுரியும் குருமாருக்கான பயிற்சி அமெரிக்காவில் எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஓர் அளவு சொல்கிறோம்: மருத்துவ மேய்ப்புப்பணிப் பயிற்சியின் ஒரு அலகுக்குக் குறைந்தது 400 மணித்தியாலம், சான்று பெற்ற வைத்தியசாலைக் குருவாக 4 அலகுகள், அதாவது 1600 மணித்தியாலம். அவர்கள்கூடத் தங்களை உளவியலாளர் என்று சொல்லிக்கொள்வதில்லை. உழைத்துப் பெற்ற அந்தப் பெயரே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

அதோடு ஒப்பிட்டால் இங்கே காட்டப்படும் சான்றிதழ்கள் பல வெறும் வருகைச் சான்றிதழ்கள். நமது தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் 50 மணித்தியாலக் கற்றலுக்குச் சமம். ஒரு டிப்ளோமாவுக்குக் குறைந்தது 30 கிரெடிட், ஆக 1500 மணித்தியாலம். இரண்டு வார இறுதி வகுப்புக்குப் பிறகு "டிப்ளோமா" வழங்கப்பட்டால் கணக்கு உதைக்கிறது. 2004 கடல்கோளுக்குப் பின்னரும் 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின்னரும் உளவியல் முதலுதவிப் பயிற்சிகள் நிறைய நடந்தன. நல்ல பயிற்சிகள்தான். ஆனால் அதற்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2011 ஆம் ஆண்டுக் கைந்நூலே, இது தொழில்முறை உளவளத்துணை அல்ல, யாரும் கற்றுக்கொண்டு உதவலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. அந்த ஒருநாள் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு மாட்டி "அதிர்ச்சிச் சிகிச்சை நிபுணர்" ஆவது கைந்நூலுக்கே விரோதமானது.

"அரச பதிவு பெற்ற நிறுவனம்" என்ற வரியும் அப்படித்தான். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்தால் பீ.வீ. என்று தொடங்கும் இலக்கம் கிடைக்கும். சில்லறைக் கடைக் கம்பனிக்கும் அதே இலக்க வரிசைதான். அது வியாபாரப் பதிவு. நடத்துபவரின் கல்வியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பயிற்சி நிலையம் பதிவு பெற்றிருப்பது ஒன்று, அங்கே நடக்கும் குறித்த பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது இன்னொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவது இருப்பதாக நம்பவைப்பது வழக்கமாகிவிட்டது. நொத்தாரிசு உறுதிப்படுத்திய பிரதி என்றால், பிரதி மூலத்தைப் போலவே இருக்கிறது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. வெளிநாட்டுச் சங்கங்களின் இணை உறுப்புரிமை ஆண்டுச் சந்தா கட்டினால் கிடைக்கக்கூடியது. அது திறமைக்குச் சான்று அல்ல.

இதெல்லாம் வெறும் பட்டப்பெயர்ச் சண்டை என்று நினைப்பவர்களுக்காக, எங்கே உயிருக்கே ஆபத்து வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

"மருந்தை விடு, நம்பிக்கை போதும்" என்ற வாக்கியம்தான் முதல் ஆபத்து. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் நிற்காத தொடர் வலிப்பு வரலாம். அது அவசர சிகிச்சை நிலை. இருமுனைக் கோளாறுக்கு (மிதமிஞ்சிய எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் நோய்) லித்தியம் என்ற மருந்தை எடுப்பவர் சடுதியாக நிறுத்தினால் நோய் மீண்டும் மூர்க்கமாகத் திரும்பும் ஆபத்து அதிகம். லித்தியம் எடுப்பவருக்குக் கடும் உபவாசம் சொல்லிக் கொடுப்பதும் அதேயளவு ஆபத்து. உடலில் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறும். கை நடுக்கம் கூடும், வாந்தி, வயிற்றோட்டம் வரும், பேச்சுக் குழறும், நடை தள்ளாடும். இது நஞ்சேற்றம். இதைக் காணும் பயிற்சியில்லாத ஆலோசகர் "உள்ளே இருப்பது வெளியே போகிறது" என்று விளக்கம் சொன்னால், வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நேரம் வீணாகிறது. விரதம் இருக்க விரும்பும் நோயாளர் தன் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டால் வேளையையும் அளவையும் ஒழுங்குசெய்ய வழி உண்டு. மனச்சோர்வுக்கான மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். முதல் வாரத்திலேயே "பார்த்தீர்களா, மருந்தால் பயனில்லை" என்பவருக்கு இந்த அடிப்படையே தெரியாது.

குழந்தை பெற்ற முதல் இரண்டு வாரங்களுக்குள் ஒரு தாய் தூக்கமின்றி, குழப்பமாக, இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னால் அது பிரசவத்துக்குப் பிந்திய உளமாயம் என்ற கடுமையான மனநோயாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. முதியவர் திடீரெனக் குழம்பிப் பேசினால் சிறுநீர்த் தொற்றோ, இரத்தத்தில் சோடியம் குறைந்ததோ காரணமாக இருக்கலாம். தைரொயிட் சுரப்புக் குறைபாடு மனச்சோர்வைப் போலவே தோற்றமளிக்கும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் இவற்றுக்குத் தானே சிகிச்சை செய்ய மாட்டார், ஆனால் சந்தேகித்து உரிய இடத்துக்கு அனுப்பத் தெரிந்திருப்பார். அந்த அறிவு சான்றிதழின் பின்னால் இருக்க வேண்டிய அறிவுகளில் முக்கியமானது.

மதத்தோடு நேரே பின்னிய நோய் ஒன்றும் உண்டு. பாவம் செய்துவிட்டேனோ, மந்திரத்தைப் பிழையாகச் சொன்னேனோ, கழுவியது போதாதோ என்ற எண்ணம் நாளெல்லாம் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் எண்ணச் சுழற்சி நோய். இதற்கு ஆறுதலாக "நீங்கள் பாவம் செய்யவில்லை" என்று ஒவ்வொரு முறையும் உறுதி கொடுத்தால் நோய் வளரும். நோயாளி அந்த உறுதிமொழிக்கே அடிமையாவார். பரிகாரம் கூட்டினால் இன்னும் மோசம். சடங்கைச் செய்யாமல் பதற்றத்தைத் தாங்கப் படிப்படியாகப் பழக்குவதுதான் இதற்குப் பயன்தரும் சிகிச்சை. இந்த இடத்தில் சிகிச்சை உளவியலாளரும் நோயாளியின் மதகுருவும் பேசிக்கொண்டு ஒரே குரலில் நின்றால் கிடைக்கும் பலன் அபாரமானது. எவ்வளவு முறை செய்தால் மார்க்கப்படி போதும் என்று சொல்லும் அதிகாரம் குருவுக்கே உண்டு. உளவியலாளருக்கு அது இல்லை. மதகுரு மதகுருவாகவே நிற்கும்போது அவருக்கு இருக்கும் இந்தப் பலத்தை, பொய்ப் பட்டம் போட்டுக்கொள்கிறவர் தானாகவே இழக்கிறார்.

குடும்ப வன்முறை இன்னொரு விடயம். அடிக்கும் கணவனையும் அடிபடும் மனைவியையும் ஒன்றாக இருத்தி "விட்டுக்கொடுங்கள்" என்பது, பயிற்சியில்லாதவர் செய்யும் மிகக் கொடிய தவறு. அறையில் மனைவி சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் தண்டனை காத்திருக்கும். முதலில் தனித்தனியாகப் பேச வேண்டும், பாதுகாப்பை விசாரிக்க வேண்டும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும். சிறுவர் துஷ்பிரயோகம் தெரியவந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். "சபைக்குள்ளேயே தீர்ப்போம்" என்பவரிடம் பிள்ளையை மறுபடி அனுப்பாதீர்கள்.

முதற்சந்திப்பில் கேட்க வேண்டியவை அதிகமில்லை. என்ன படித்தீர்கள், எங்கே, எந்த ஆண்டு? பதிவு இருந்தால் இலக்கம் என்ன? உங்கள் வேலையை மேற்பார்வை செய்பவர் யார்? நான் சொல்வதை யாரிடம் சொல்வீர்கள், எந்த நிலையில் இரகசியத்தை உடைப்பீர்கள்? உங்களால் முடியாத நிலை வந்தால் யாரிடம் அனுப்புவீர்கள்? கடைசிக் கேள்விதான் மிகக் கூர்மையானது. உண்மையான தொழில்முறையாளர் இரண்டு மூன்று வைத்தியசாலைகளின் பெயரை யோசிக்காமலே சொல்வார். "என்னால் முடியாதது எதுவும் வராது" என்ற பதில் கிடைத்தால் எழுந்து வந்துவிடலாம். கட்டணத்தை முன்கூட்டியே சொல்லாமல் "காணிக்கை" என்பதும், பற்றுச்சீட்டுத் தர மறுப்பதும், உங்கள் சாட்சியத்தைக் காணொளியாக எடுத்து பேஸ்புக்கில் போட அனுமதி கேட்பதும், குடும்பத்தாரிடம் சொல்ல வேண்டாம் என்பதும் அபாய அறிகுறிகள்.

ஏமாந்துவிட்டால், விளம்பரத்தின் திரைப்பிரதி, விசிட்டிங் கார்ட், பணம் கொடுத்த திகதி, வங்கிச் சீட்டு, குறுஞ்செய்திகள் ஆகியவற்றை முதலில் பத்திரப்படுத்துங்கள். முறைப்பாடு என்றதும் பேஸ்புக் பக்கம் மாறிவிடும். சேவையைப் பற்றிப் பொய்யான விபரம் கொடுப்பதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. அழைப்பு இலக்கம் 1977; எழுத்து முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். வைத்தியர் என்று நடித்திருந்தால் மருத்துவ சபைக்கு எழுத வேண்டும். பொய்யைச் சொல்லிப் பணம் பறித்திருந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 398 ஆம் பிரிவு சொல்லும் ஏமாற்றல் பற்றிப் பொலிஸில் முறையிடலாம்.

பணமில்லாததால்தான் இப்படிப்பட்டவர்களிடம் போகிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். இலவச வழிகள் இருக்கின்றன. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் பணியாற்றுகிறார்கள். அங்கொடைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவும் பகலும் இயங்குகிறது. 1333 இலக்கத்திலும் இலவசமாகப் பேசலாம். 1974 முதல் இயங்கும் சுமித்ராயோ என்ற அமைப்பு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தவர்களுக்குத் தோள் கொடுக்கிறது. அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் கட்டணம் இல்லை. தமிழில் பேசக்கூடியவர் வேண்டும் என்று கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. கேட்டால்தான் அந்தத் தேவை பதிவாகும். தமிழில் சேவை செய்வோர் போதாமையே இந்தப் பொய் விளம்பரங்களுக்குச் சந்தையை உருவாக்கியிருக்கிறது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

ஆலய அறங்காவலர் சபைகள், பங்குச் சபைகள், பள்ளிவாசல் நிர்வாகங்கள் ஆகியவற்றிடம் ஒரு வேண்டுகோள். மண்டபத்தை ஆலோசனை நிகழ்ச்சிக்குக் கொடுக்குமுன் அழைக்கப்படுபவரின் சான்றிதழ்ப் பிரதிகளை வாங்கி, வழங்கிய நிறுவனத்துக்கே நீங்கள் நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். அவர் தரும் இலக்கத்துக்கு அழைத்துக் கேட்பதில் பயனில்லை. உங்கள் சொந்தக் குருமார் ஆலோசனை வழங்கினால் அறையின் வாசலில் இப்படி எழுதி வைக்கலாம்: "ஆன்மிக ஆலோசனை. ஆலோசகரின் பெயர், இறையியல் அல்லது சமயக் கல்வி, நிறுவனம், ஆண்டு. இங்கே உளநல மருத்துவச் சிகிச்சை வழங்கப்படுவதில்லை. மருந்துகளை மருத்துவரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம்." இதனால் எந்தக் குருவின் மதிப்பும் குறையாது. உளவளத்துணையாளருக்கான பதிவுச் சட்டம் வர வேண்டும் என்று நாங்கள் விரும்புகிறோம். அதில் மதப்பணிக்கு விலக்கு இருக்கட்டும். தொழிற்பெயர்களுக்குக் காப்பு இருக்கட்டும். ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை, ஆசிரியர் அவர்களே, தங்கள் கையிலேயே இருக்கிறது.

விளம்பரப் பிரிவில் நிரப்பும் படிவத்தில் இரண்டு வரி கூட்டுங்கள். உளநலம், உளவளத்துணை, மனநலச் சிகிச்சை பற்றிய எந்த விளம்பரத்துக்கும் தகைமையை வழங்கிய நிறுவனத்தின் முழுப் பெயரும் ஆண்டும் ஒரு வரி. "லைசென்ஸ்", "கிளினிக்கல்", "நிபுணர்", "டாக்டர்" என்ற சொற்கள் வந்தால் பதிவு வழங்கிய சபையின் பெயரும் இலக்கமும் மற்றைய வரி. கொடுக்க முடியாதவரின் விளம்பரத்தில் அந்தச் சொற்களை நீக்கிவிட்டு "ஆன்மிக ஆலோசனை" என்று மட்டும் பிரசுரியுங்கள். கொடுத்தவரின் இலக்கத்தை விளம்பரத்திலேயே அச்சிடுங்கள், வாசகர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். அடுத்த ஞாயிறு இதழிலிருந்தே இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உளவளத்துணையிலும் சமயப் பணியிலும் உள்ள வாசகர்கள் சிலர்,
கொழும்பு 06.